ஒளியியற் கணக்கிற் கண்ணின் இடம்: ஒரு விமர்சன நோக்கு

பௌதிகவியலின் தொடக்கநிலைப் பாடங்களுள் கேத்திரகணித ஒளியியலே இலகுவானது என்னும் கருத்து மாணவரிடையே நிலவிவருகின்றது. இயக்கவியற் கணக்கில் எவ்விசை எப்பொருள்மீது தாக்குகின்றது என்பதை மாணவனே தேடிக் காணவேண்டும். மின்னியற் கணக்கிற் சுற்றின் அமைப்பைப் பிரித்தறிய வேண்டும். ஒளியியற் கணக்கிலோ பொருட்டூரம், விம்பத்தூரம், குவியத்தூரம் என்னும் மூன்றனுள் இரண்டு தரப்பட்டிருக்கும். மூன்றாவதைக் கண்டு எழுதியதும் வேலை முடிந்துவிடுகின்றது. பரீட்சை நெருங்கும் வேளையில் விரைந்து படித்து முடிக்கத்தக்க பகுதி என்னும் பெயரும் இதனாலேயே இப்பாடத்திற்கு ஏற்பட்டுள்ளது.

இவ்வெளிமை எங்கிருந்து வந்தது என்பது ஆராயத்தக்கது. ஒளி ஒரு பொருளிலிருந்து புறப்பட்டு, ஆடியிலே தெறித்தோ வில்லையிலே முறிந்தோ, ஈற்றிற் கண்ணை வந்தடைகின்றது. அக்கண் எதனை எவ்விடத்திற் காண்கின்றது என்பதே ஒளியியற் கணக்கின் அடிப்படை வினாவாகும். ஆயினும் வழக்கிலுள்ள கணக்குகளிற் பெரும்பாலானவற்றிற் கண் இடம்பெறுவதில்லை. கண்ணை நீக்கியமையாலேயே கணக்கு எளிதாயிற்று. அதே காரணத்தால், அக்கணக்கைப் பிழையின்றிச் செய்து முடித்த மாணவனும் ஒளியைப்பற்றிச் சிறிதே அறிந்தவனாக நின்றுவிடுகின்றான். வழக்கிலுள்ள கணக்குகள் சிலவற்றை எடுத்து, அவை எதனைக் கேட்கின்றன, எதனைக் கேளாது விடுகின்றன என நோக்குமிடத்து இவ்வுண்மை தெளிவாகும்.

குறி வழக்கும் அதன் ஆட்சியும்

பாடநூல்கள் யாவற்றிலும் காணப்படும் கணக்கு வகையொன்றை முதலில் நோக்கலாம். குவியத்தூரம் 10 சென்ரிமீற்றர் கொண்ட குவிவு வில்லையொன்றின் முன்னே 15 சென்ரிமீற்றர் தூரத்திற் பொருளொன்று வைக்கப்படுகின்றது. விம்பத்தின் நிலையைக் காண்க என்பது வினா. வில்லையின் மறுபக்கத்தில் 30 சென்ரிமீற்றர் தூரத்தில், தலைகீழாக, இருமடங்கு பெரிதாக, மெய்விம்பம் தோன்றும் என்பது விடை.

இவ்விடையை அடைவதற்கு மூன்று வழக்குகளேனும் கைக்கொள்ளப்படுகின்றன. மெய்யானவை நேர், மாயமானவை மறை எனக் கொள்ளும் வழக்கிற் பொருட்டூரம், குவியத்தூரம், விம்பத்தூரம் ஆகிய மூன்றும் நேர் எண்களாகும். ஒளி செல்லும் திசையில் அளக்கப்படும் தூரங்களை நேரெனக் கொள்ளும் தெக்காட்டின் வழக்கிற் பொருட்டூரம் மறை 15, குவியத்தூரம் நேர் 10, விம்பத்தூரம் நேர் 30 ஆகும். ஒளி வரும் திசைக்கு எதிராக அளக்கப்படுபவையே நேரெனக் கொள்ளின், பொருட்டூரம் நேர் 15, குவியத்தூரம் மறை 10, விம்பத்தூரம் மறை 30 என அமையும். விம்பமோ மூன்று வழக்குகளிலும் ஒரே இடத்திலேயே இருக்கின்றது.

பொருளை வில்லைக்கு 5 சென்ரிமீற்றர் தூரத்திற்குக் கொண்டுவரின் வேறுபாடு மேலும் கூர்மையடையும். இப்பொழுது விம்பம் பொருளிருக்கும் பக்கத்திலேயே 10 சென்ரிமீற்றர் தூரத்தில், நிமிர்ந்து, மாயவிம்பமாகத் தோன்றுகின்றது. முதலாம் வழக்கில் விம்பத்தூரம் மறை 10 ஆகும். அம்மறைக்குறி விம்பம் மாயமானது என்று பொருள்படும். இரண்டாம் வழக்கிலும் மறை 10 என்னும் எண்ணே கிடைக்கின்றது. ஆயின் அங்கு அக்குறி விம்பம் எப்பக்கத்தில் உள்ளது என்பதனை மாத்திரமே கூறும். மூன்றாம் வழக்கில் அதே விம்பத்திற்கு நேர் 10 என்னும் எண் வந்துசேர்கின்றது. குறி ஒன்றேயாயினும் பொருள் வேறு. பொருள் ஒன்றேயாயினும் குறி வேறு.

மாணவன் பாடசாலையிலே ஒரு வழக்கையும், துணைநூலிலே மற்றொரு வழக்கையும், விஞ்ஞான பீடத்தில் ஆங்கில நூல்களிற் பிறிதொரு வழக்கையும் சந்திக்க நேர்கின்றது. அதன்பின் கண்ணாடிக் கடைக்குச் செல்வானாயின், அங்கே குவிவு வில்லையின் வலு எப்பொழுதும் நேர்க்குறியுடனேயே எழுதப்பட்டிருப்பதைக் காண்பான். நேர் 2 தயொத்தர் என்பது 50 சென்ரிமீற்றர் குவியத்தூரமுள்ள ஒருங்கு வில்லை என்று பொருள்படும். இவ்வழக்குகளுள் எதுவும் தவறானதன்று. அவற்றுள் ஒன்றைத் தெரிந்து கடைப்பிடித்தல் வேண்டும் என்பதிலும் கருத்து வேறுபாடில்லை. ஒளியியற் கணக்கிலே ஏற்படும் இடர்ப்பாடு என ஆசிரியரும் மாணவரும் பெரும்பாலும் பேசுவது இக்குறிகளைப்பற்றியதாகவே இருக்கின்றது என்பதே கவலைக்குரியது. பாடத்தின் உழைப்பு முழுவதும் புத்தக வழக்கொன்றை நினைவிலிருத்துவதிற் செலவாகின்றது. ஒளி சென்ற வழியைச் சிந்திக்க நேரம் எஞ்சுவதில்லை.

சூத்திரத்திற்கு முற்பட்ட ஒளியியல்

வில்லைச் சூத்திரம் ஒளியியலின் தோற்றுவாய் என எண்ணுதல் வரலாற்றிற்கு முரணானது. யூக்கிளிட்டும் தொலமியும் கண்ணிலிருந்து புறப்படும் பார்வைக் கதிர்களைக் கொண்டே காட்சியை விளக்கினர். பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியில் இப்னு அல்-ஹைதம், ஒளி பொருளிலிருந்து கண்ணுக்கு வருகின்றது என்னும் கொள்கையை விரிவாக நிறுவினார். 1604 ஆம் ஆண்டில் வெளிவந்த நூலிற் கெப்பிளர், பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கதிர்க்கூம்பு ஒன்று விரிந்து சென்று கண்மணியினூடாகப் புகுந்து விழித்திரையில் மீண்டும் ஒரு புள்ளியிற் குவிகின்றது எனக் காட்டினார். 1611 இல் அவர் வெளியிட்ட நூல் வில்லைகளின் செயலை முறையாக விளக்குகின்றது. முறிவு பற்றிய சைன் விதியைச் சினெல் 1621 அளவிற் கண்டறிந்தார் என்பர். அதனைத் தெக்காட்டு அச்சிட்டு வெளியிட்டது 1637 இலாகும். எனவே கெப்பிளர் வில்லையின் செயலை விளக்கியபோது திருத்தமான முறிவு விதியும் அவர் கையில் இருக்கவில்லை, இன்றைய சூத்திரமும் இருக்கவில்லை. அவரிடம் இருந்தவை கதிர்க்கூம்பு பற்றிய தெளிவான எண்ணமும் கண்ணின் அமைப்புப் பற்றிய அறிவுமேயாம்.

வில்லைகளுக்குப் பொதுவான அட்சரகணிதச் சூத்திரத்தை எட்மன்ட் ஹேலி 1693 இல் றோயல் கழகத்தின் வெளியீட்டில் எழுதினார். அக்கட்டுரையின் தலைப்பே நவீன அட்சரகணிதத்தின் மேன்மைக்கு ஓர் எடுத்துக்காட்டு எனக் கூறுவதாக அமைந்துள்ளது. குவிவு, குழிவு, விரிகற்றை, ஒருங்குகற்றை எனத் தனித்தனியே ஆராயப்பட்ட வகைகளையெல்லாம் ஒரே கோவையில் அடக்குதலே அம்மேன்மை. நேர், மறை என்னும் குறிகள் அச்சுருக்கத்திற்குக் கொடுக்கப்பட்ட விலையாகும். பல வகைகளையும் கதிர்ப்படங்களால் முன்னரே அறிந்திருந்தவர்க்கு அச்சுருக்கம் பெரும் பேறு. அவ்வகைகளுள் ஒன்றனையேனும் கண்ணாற் கண்டிராத மாணவனுக்கோ, எதனைச் சுருக்கியது என்று தெரியாத ஒரு சுருக்கமாகவே அது நின்றுவிடுகின்றது.

பாதி மூடிய வில்லை

1987 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பௌதிகவியற் சஞ்சிகையிற் கோல்ட்பேர்க், மக்டேர்மொற் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. வொஷிங்ரன் பல்கலைக்கழகத்தில் நடத்தப்பட்ட அவ்வாய்வில், தொடக்கநிலைப் பௌதிகவியல் மாணவரிடம் மின்குமிழ், குவிவு வில்லை, திரை ஆகியவற்றைக் காட்டிச் சில எளிய வினாக்கள் கேட்கப்பட்டன. வில்லையை அகற்றினால் திரையில் என்ன தெரியும்? வில்லையின் பாதியை மூடினால் என்ன நிகழும்? திரையை எடுத்துவிட்டால் விம்பத்திற்கு என்னாகும்? பாடத்தைக் கற்று முடித்தவருட் பலரும் இவ்வினாக்களுக்குச் சரியான விடை கூற இடர்ப்பட்டனர். பாதி வில்லையை மூடினாற் பாதி விம்பம் மறைந்துவிடும் என்பது அவர்களிடையே அடிக்கடி காணப்பட்ட விடையாகும்.

இத்தவறு அறியாமையால் மாத்திரம் விளைந்ததன்று. பாடநூற் படங்களிற் பொருளின் நுனியிலிருந்து இரண்டு அல்லது மூன்று கதிர்களே வரையப்படுகின்றன. ஒன்று அச்சுக்குச் சமாந்தரமாகச் சென்று குவியத்தினூடாகச் செல்லும். மற்றொன்று வில்லையின் மையத்தினூடாக நேரே செல்லும். இவை வரைதற்கு எளியன என்பதாலேயே தெரிந்தெடுக்கப்பட்டன. ஆனால் ஆண்டுதோறும் இவற்றையே வரைந்து பழகிய மாணவன், விம்பம் இக்கதிர்களாலேயே ஆக்கப்படுகின்றது எனக் கொள்கின்றான். அக்கதிர் செல்லும் பகுதியை மூடினால் விம்பமும் போய்விடும் என அவன் எண்ணுவது அவனளவில் தருக்கமுறைப்பட்டதே. நுனியிலிருந்து புறப்படும் கூம்பு முழுவதும் வில்லையை நிரப்புகின்றது என்பதனை அவனது படம் என்றும் அவனுக்குக் காட்டியதில்லை.

இவ்வினாவிற்குச் சரியானதெனக் கற்பிக்கப்படும் விடை, விம்பம் முழுமையாகவே இருக்கும், ஒளிர்வு மாத்திரம் குறையும் என்பதாகும். இவ்விடையும் முழுமையானதன்று என்பது பலராலும் கவனிக்கப்படுவதில்லை. அது திரையில் விழும் விம்பத்திற்கே பொருந்தும். திரையை எடுத்துவிட்டுக் கண்ணாலே நேரே நோக்கின் நிலைமை வேறாகும்.

முன்னர்க் கூறிய வில்லையையே மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். அதன் விட்டம் 6 சென்ரிமீற்றர் எனவும், விம்பம் வில்லையிலிருந்து 30 சென்ரிமீற்றர் தூரத்தில் அமைகின்றது எனவும் கொள்க. திரையில்லாதபோது கதிர்கள் அவ்விடத்தில் நின்றுவிடுவதில்லை. அவை விம்பத்திற் குவிந்து, மீண்டும் விரிந்து அப்பாற் செல்கின்றன. ஓர் இயல்பான கண் தெளிவாகக் காண்பதற்கு விம்பம் அதிலிருந்து 25 சென்ரிமீற்றர் தூரத்திலேனும் இருத்தல் வேண்டும். எனவே கண்ணை வில்லையிலிருந்து குறைந்தது 55 சென்ரிமீற்றர் தூரத்தில் வைத்தல் வேண்டும். அவ்விடத்தில், விம்பத்தின் அச்சுப்புள்ளியிலிருந்து விரிந்துவரும் கூம்பின் ஆரை 2.5 சென்ரிமீற்றராகும். கண் அவ்வெல்லைக்குள் இருப்பின் அப்புள்ளி தெரியும். வெளியே விலகின் தெரியாது.

இனி, வில்லையின் மேற்பாதி மூடப்படுகின்றது எனக் கொள்க. மேற்பாதியினூடாக வந்த கதிர்கள் விம்பத்தைக் கடந்தபின் அச்சின் கீழே செல்வன. ஆகவே மறைந்து போவது கூம்பின் கீழ்ப்பாதியாகும். அச்சின் 1 சென்ரிமீற்றர் மேலே வைக்கப்பட்ட கண்ணுக்கு அப்புள்ளி முன்போலவே தெரியும். கண்மணி கூம்பிலும் மிகச் சிறியதாதலால் அதனுட் புகும் ஒளியிற் குறைவும் ஏற்படுவதில்லை. அச்சின் 1 சென்ரிமீற்றர் கீழே வைக்கப்பட்ட கண்ணுக்கோ அது முற்றாக மறைந்துவிடும். ஒளிர்வு பாதியாகும் என்னும் விடை இவ்விரு கண்களுள் ஒன்றற்கேனும் பொருந்தவில்லை. திரை தன்மேல் விழும் ஒளி முழுவதையும் ஏற்று எல்லாத் திசைகளிலும் சிதறச் செய்கின்றது. கண் தன் இடத்திற்கு வந்துசேரும் ஒளியை மாத்திரமே ஏற்கின்றது. இவ்வேறுபாட்டைக் கூறாது பாதி வில்லை பற்றிய வினாவைக் கேட்பது, ஒரு மனப்பாடத்தை நீக்கி மற்றொரு மனப்பாடத்தை அவ்விடத்தில் வைப்பதாகவே முடியும்.

நீரின் ஆழம்

முறிவு பற்றிய கணக்குகளுள் மிகப் பரிச்சயமானது தோற்ற ஆழம் பற்றியதாகும். 120 சென்ரிமீற்றர் ஆழமான நீரின் அடியிலே நாணயமொன்று கிடக்கின்றது. நீரின் முறிவுச் சுட்டி மூன்றில் நான்கு. தோற்ற ஆழம் யாது? உண்மை ஆழத்தை முறிவுச் சுட்டியாற் பிரித்து 90 சென்ரிமீற்றர் என மாணவன் எழுதுகின்றான். முழுப் புள்ளியும் கிடைக்கின்றது.

இவ்விடை நாணயத்திற்கு நேர்மேலே நின்று செங்குத்தாகக் கீழ்நோக்கும் கண்ணுக்கே உரியது. நல்ல பாடநூல்கள் இந்நிபந்தனையை ஒரு சொற்றொடராற் குறிப்பிடுகின்றன. வினாத்தாள்களில் அதுவும் சிலவேளை விடுபட்டுப் போகின்றது. கேணியின் படியிலோ குளத்தின் கரையிலோ நிற்கும் ஒருவன் செங்குத்தாக நோக்குவதில்லை, சாய்வாகவே நோக்குகின்றான். நீரிலிருந்து வெளிவரும் கதிர் செவ்வனுடன் 60 பாகை ஆக்குமாறு அவன் நோக்குகின்றான் எனக் கொள்ளின், நீரினுள் அக்கதிர் செவ்வனுடன் ஏறத்தாழ 40.5 பாகை ஆக்கும். அவனுடைய இரு கண்களும் ஒரே கிடைமட்டத்தில் இருக்குமாயின், அவற்றை அடையும் கதிர்களைப் பின்னோக்கி நீட்டும்போது அவை நாணயத்திற்கு நேர்மேலே, நீர்மட்டத்திற்கு ஏறத்தாழ 59 சென்ரிமீற்றர் கீழே சந்திக்கும். மார்பளவை எட்டும் நீர் தொடையளவே ஆழமானதாகத் தோற்றும் என்பது இதன் பொருள். நோக்குகோணம் மேலும் சரியுமிடத்துத் தோற்ற ஆழம் இன்னும் குறையும்.

90 என்னும் விடைக்கும் 59 என்னும் விடைக்கும் இடையிலுள்ள வேறுபாடு சூத்திரத் திருத்தம் பற்றியது மாத்திரமன்று. நீரிற் காலை வைக்கும் சிறுவன் ஒருவனுக்கு அது உயிர் பற்றியதாகும். ஒளியியலின் பயனை மாணவனுக்கு உணர்த்த வல்ல கணக்குகளுள் இதைவிடச் சிறந்ததொன்றைக் காண்டல் அரிது. ஆயினும் கண்ணின் இடத்தைக் குறிப்பிடாமையால், அது வகுத்தற் பயிற்சியாகச் சுருங்கிவிட்டது. தோற்ற ஆழம் நீருக்கே உரிய ஒரு பண்பு, அதற்கு ஒரே பெறுமானமே உண்டு என்னும் பிழையான எண்ணத்தையும் அது மாணவனின் மனத்தில் விதைத்துவிடுகின்றது.

நல்ல கணக்கு எவ்வாறிருக்கும்

வழக்கிலுள்ள கணக்குகள் யாவும் இக்குறையுடையன என்று கூறுதல் நியாயமன்று. தளவாடி பற்றிய பழைய கணக்கொன்று இதற்கு மாறான எடுத்துக்காட்டாகும். 160 சென்ரிமீற்றர் உயரமான ஒருவனின் கண்கள் நிலத்திலிருந்து 150 சென்ரிமீற்றர் உயரத்தில் உள்ளன. அவன் தன் முழு உருவத்தையும் காண்பதற்கு வேண்டிய மிகக் குறுகிய ஆடியின் நீளம் யாது? அதனை எவ்வுயரத்தில் மாட்டவேண்டும்? பாதத்திலிருந்து வரும் கதிர் கண்ணை அடைய வேண்டின், அது 75 சென்ரிமீற்றர் உயரத்தில் ஆடியிற் பட்டுத் தெறித்தல் வேண்டும். தலையுச்சியிலிருந்து வரும் கதிர் 155 சென்ரிமீற்றர் உயரத்திற் படுதல் வேண்டும். ஆகவே ஆடியின் நீளம் 80 சென்ரிமீற்றர், அதாவது அவனுடைய உயரத்தின் பாதி. அவன் ஆடியிலிருந்து எத்துணைத் தூரத்தில் நிற்கின்றான் என்பது விடையில் இடம்பெறுவதேயில்லை.

இக்கணக்கின் சிறப்பு மூன்று வகைப்படும். முதலாவதாக, கண்ணின் இடத்தைக் குறிக்காமல் இதனைத் தொடங்கவே இயலாது. இரண்டாவதாக, இதற்குப் பிரதியிடுவதற்கான சூத்திரம் கிடையாது. படமும் படுகோணம் தெறிகோணத்திற்குச் சமன் என்னும் விதியுமே போதும். மூன்றாவதாக, இதன் விடை பொது நம்பிக்கையோடு மோதுகின்றது. பின்னே நகர்ந்தால் ஆடியில் உடலின் கூடிய பகுதி தெரியும் என்றே பலரும் எண்ணுகின்றனர். நிலைக்குத்தாக மாட்டப்பட்ட ஆடியின் முன்னே நின்று, அதே மட்டத்திற் கண்ணை வைத்துக்கொண்டு பின்னோக்கி நடப்பவன் தன் எண்ணம் தவறென்பதை உடனே காண்பான். கணக்கு ஒன்று மாணவனின் முன்னெண்ணத்தை வெளிக்கொணர்ந்து, அதனைச் சோதித்து, திருத்துமாயின் அதுவே அக்கணக்கின் முழுப்பயனாகும்.

கலைச்சொல்லின் நிழல்

தமிழிற் பௌதிகவியல் கற்போர்க்குச் சொற்களாலும் ஒரு சிக்கல் உண்டு. இலங்கையில் தெறிப்பு, முறிவு, விம்பம் எனப் பயிலப்படுபவை தமிழ்நாட்டு நூல்களில் எதிரொளிப்பு, ஒளிவிலகல், பிம்பம் என வழங்குகின்றன. விலகல் என்னும் சொல் அங்கே முறிவைக் குறிக்க, இங்கே கதிர் தன் முதற்றிசையிலிருந்து திரும்பிய கோணத்தைக் குறிக்கின்றது. அரியம் பற்றிய கணக்கொன்றை இருநாட்டு நூல்களையும் வைத்துச் செய்ய முனையும் மாணவன் இதனாற் குழப்பமடைதல் இயல்பே. அக்குழப்பம் ஒருமுறை சுட்டிக்காட்டப்பட்டதும் நீங்கக்கூடியது.

மாயவிம்பம் என்னும் சொல் விளைக்கும் மயக்கம் இதனினும் ஆழமானது. மாயம் என்றதும் பொய்த்தோற்றம், இல்லாததொன்று என்னும் பொருள்களே தமிழ் மாணவனின் மனத்தில் எழுகின்றன. மெய் என்னும் சொல் அதற்கு எதிராக நின்று இம்மயக்கத்தை வலுப்படுத்துகின்றது. ஆனால் மாயவிம்பம் பொய்யானதன்று. தளவாடியிற் காணும் மாயவிம்பத்தைப் புகைப்படம் எடுக்கலாம். அதற்குக் கமராவை ஆடியின் தூரத்திற்கன்றி, ஆடிக்குப் பின்னேயுள்ள விம்பத்தின் தூரத்திற்கே குவியச் செய்தல் வேண்டும். கண்ணைப் பொறுத்தவரையில், விரிந்துவரும் கதிர்கள் உண்மையாகவே ஒரு புள்ளியைக் கடந்து வந்தனவா, கடந்து வந்தனபோலத் தோற்றுகின்றனவா என்பதில் எவ்வித வேறுபாடும் இல்லை. திரையொன்றை அவ்விடத்தில் வைத்தால் மாத்திரமே வேறுபாடு வெளிப்படும். மெய், மாயம் என்பன விம்பத்தின் தகைமையைக் கூறும் சொற்களல்ல. கதிர்கள் அவ்விடத்தினூடாகச் செல்கின்றனவா இல்லையா என்பதனையே அவை கூறுகின்றன. நிலைத்துவிட்ட இச்சொற்களை மாற்றவேண்டியதில்லை. ஆயினும் அவற்றைக் கற்பிக்கும் ஆசிரியர் இவ்விளக்கத்தைத் தவிர்த்தலாகாது. வாய்பாட்டில் மறைக்குறி வந்தால் மாயம் என எழுதிப் பழகிய மாணவனிடம், அவ்விம்பத்தைக் கண்ணாற் காண முடியுமா எனக் கேட்டால், முடியாது என்று அவன் கூறுவானாயின், அவ்விடைக்குச் சொல்லும் கணக்கும் ஒருங்கே பொறுப்பாகும்.

விடைக்கேற்ற வாசிப்பு

சூத்திரத்தை முன்வைத்து நிகழ்வைப் பின்வைக்கும் போக்கு இன்று தோன்றியதன்று. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த தொலமி, காற்றிலிருந்து நீருட் புகும் கதிரின் முறிகோணங்களை 10 பாகைக்கு ஒன்றாக அட்டவணைப்படுத்தினார். 10 பாகைப் படுகோணத்திற்கு 8 பாகையில் தொடங்கி, 15.5, 22.5, 29, 35, 40.5, 45.5 எனச் சென்று, 80 பாகைப் படுகோணத்திற்கு 50 பாகையில் அவ்வட்டவணை முடிகின்றது. இடைப்பட்ட பெறுமானங்கள் உண்மைக்கு மிக அண்மையானவை. ஆனால் அடுத்தடுத்த எண்களின் வித்தியாசங்கள் 7.5, 7, 6.5 எனச் சரியாக அரைப்பாகை வீதம் குறைந்துசெல்கின்றன. எந்தவோர் அளவீடும் இத்துணை ஒழுங்காக அமைவதில்லை. தொலமி தாம் அளந்தவற்றைத் தாம் நம்பிய எண்ணொழுங்கிற்கு இயையத் திருத்தியிருக்க வேண்டும் என ஆய்வாளர் கருதுவதற்கு இதுவே காரணம். 80 பாகையில் இன்றைய கணிப்பின்படி முறிகோணம் ஏறத்தாழ 47.6 பாகையாகும். விதி தவறியது அவ்வோரத்திலேதான்.

கண்ணாடிக் குற்றியையும் குண்டூசிகளையும் கொண்டு முறிவுச் சுட்டியைக் காணும் பரிசோதனையில், 1.5 என்னும் விடையை முன்னரே அறிந்த மாணவனும் இதனையே செய்கின்றான். விலகிநிற்கும் வாசிப்பு அழிக்கப்படுகின்றது, வரைபின் புள்ளிகள் யாவும் நேர்கோட்டில் வந்தமைகின்றன. தொலமியிடமாவது தாமே கண்ட ஒழுங்கொன்றின்மீது நம்பிக்கை இருந்தது. இங்கே இருப்பது விடை பற்றிய அச்சம் மாத்திரமே. கணக்கிலே கண்ணைப் பயன்படுத்தப் பழகாதவன் ஆய்வுகூடத்திலும் அதனை நம்புவதில்லை.

மறுப்பும் விடையும்

இக்கருத்துகளுக்கு எழக்கூடிய மறுப்பு நியாயமானதே. ஆயிரக்கணக்கான மாணவர் தோற்றும் பரீட்சையில் விடைகள் ஒரே சீராகத் திருத்தப்பட வேண்டும். எண்ணாக வரும் விடையைத் திருத்துவது எளிது, கதிர்ப்படத்தையும் விளக்கத்தையும் திருத்துவது அரிது. சூத்திரக் கணக்கு பின்தங்கிய பாடசாலை மாணவனுக்கும் வசதிமிக்க பாடசாலை மாணவனுக்கும் ஒரே வாய்ப்பை அளிக்கின்றது என்றும் வாதிடலாம். வில்லையும் ஆடியும் இல்லாத பாடசாலைகளிற் சூத்திரமே கைகொடுக்கின்றது என்பதும் மறுக்கற்பாலதன்று.

ஆயினும் கண்ணைக் கணக்கிற் சேர்ப்பதால் எண்விடை இல்லாமற் போவதில்லை. வில்லைக் கணக்கின் ஈற்றில், திரை அகற்றப்படின் விம்பத்தைத் தெளிவாகக் காண்பதற்குக் கண்ணை வில்லையிலிருந்து எவ்வளவு தூரத்திற்கு அப்பால் வைக்கவேண்டும் என ஒரு பகுதியைச் சேர்த்தால், விடை 55 சென்ரிமீற்றர் என்னும் ஒரே எண்ணாகும். வில்லையின் மேற்பாதியை மூடியபின் அச்சின் மேலும் கீழும் வைக்கப்பட்ட இரு கண்களுள் எதற்கு அப்புள்ளி தெரியும் என்பது பல்தேர்வு வினாவாகவே கேட்கத்தக்கது. நீரின் ஆழம் பற்றிய கணக்கிலே நோக்குகோணத்தைத் தந்து, இரு கண்களுக்கும் பொதுவான விம்பத்தின் ஆழத்தைக் கேட்பதற்குச் சைன் விதியும் ஒரு முக்கோணமுமே போதும். இவற்றுள் எதுவும் பாடத்திட்டத்திற்கு அப்பாற்பட்டதன்று. திருத்துநர்க்கு மேலதிகச் சுமையும் இல்லை.

வசதி பற்றிய வாதமும் எதிர்த்திசையிலேயே செல்கின்றது. தளவாடியொன்றும், நீர் நிறைந்த வாளியொன்றும், அதிலிட ஒரு நாணயமும் எவ்வூர்ப் பாடசாலையிலும் கிடைப்பன. வில்லை இல்லாதவிடத்து, நீர் நிரப்பிய உருண்டைக் கண்ணாடிப் போத்தல் ஒருங்கு வில்லையின் தொழிலைச் செய்யும். கண்ணைக் கேட்கும் வினா இவற்றை வகுப்பறைக்குட் கொண்டுவர ஆசிரியரைத் தூண்டும். சூத்திரத்தை மாத்திரம் கேட்கும் வினாவோ, வசதியுள்ள பாடசாலையிலும் வில்லைகளை அலுமாரியிலேயே பூட்டிவைக்கச் செய்கின்றது.

வினாவை ஆக்குவோரே பாடத்தின் போக்கை ஆக்குகின்றனர். எது கேட்கப்படுகின்றதோ அதுவே கற்பிக்கப்படும் என்பதனைத் தனியார் வகுப்புகளின் குறிப்புகள் யாவும் காட்டுகின்றன. ஆகவே இத்திருத்தம் வினாத்தாளிலிருந்தே தொடங்கவேண்டியதாகின்றது. பல்கலைக்கழக முதலாமாண்டுப் பயிற்சிக் கணக்குகளை ஆக்கும் விரிவுரையாளரும், பாடசாலைகளுக்குத் துணைநூல்களையும் மாதிரி வினாத்தாள்களையும் எழுதும் மாணவரும் இதனை இப்பொழுதே மேற்கொள்ள இயலும். ஒவ்வோர் ஒளியியற் கணக்கிலும் குறி வழக்கு எதுவென ஒருமுறை கூறிவிட்டு, கதிர்க்கூம்பின் படத்தை முதலிற் கேட்டு, கண் எங்கே உள்ளது என்பதனை வினாவிலேயே குறித்தல் போதுமானது. வில்லையின் முன்னே 15 சென்ரிமீற்றர் தூரத்தில் வைக்கப்பட்ட அப்பொருள், 30 என்னும் எண்ணோடு நின்றுவிடாது, ஒரு மாணவனின் கண்ணையும் வந்தடைவதற்கு அது வழிசெய்யும்.